சத்தமில்லாத டிவியும் சிவப்புத் துண்டும்

என் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். நாத்தனார் அண்ணியைப் புகழ்வதாவது! ஆனால் சொல்லத்தான் போகிறேன். குறை சொல்வதென்றாலும் நானே சொல்லிக்கொள்வேன், அது என் உரிமை. வேறு யாராவது வாயைத் திறந்தால் நான் பொல்லாதவள்.

எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குப் பேச்சு வருமா என்றே எங்களுக்குச் சந்தேகம். கேட்டால் தலையசைப்பாள், திட்டினால் சிரிப்பாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று ஒரு பழமொழி உண்டல்லவா, அதை என் அம்மா அவள் காதில் விழும்படியே சொல்வாள். அதற்கும் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நானாயிருந்தால் பாத்திரம் பறந்திருக்கும்.

அண்ணனுக்கு ரொட்டி பேக்டரியில் இரவு வேலை. விடிந்தபின் உடம்பெல்லாம் மாவு வாசனையோடு வந்து கட்டிலில் விழுந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பான். அவர்கள் தனிக்குடித்தனம் போன வீடு என்று பார்த்தால் மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப்போட ஒரு பால்கனி. கட்டிலுக்கு எதிரே பிரிட்ஜ், பிரிட்ஜ் மேல் டிவி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், சமையலும் முடிந்தபின், அவளுக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். டிவி போடலாம். ஆனால் சத்தம் வைக்க முடியாது. உழைத்துக் களைத்தவன் தூங்குகிறான். ரிமோட்டில் மற்ற பொத்தான்களெல்லாம் புதுசு போல இருக்கும், சத்தத்தை நிறுத்துகிற பொத்தானில் மட்டும் எழுத்து தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது.

சத்தமில்லாமல் சீரியல் பார்த்தால் அழுகிறார்கள் என்று தெரியும், எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாது. செய்தி பார்த்தால் ஒருவன் வாயை வாயை அசைப்பான். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி அண்ணி கடைசியில் ஒரு சேனலில் போய் நின்றாள். அதில் நாள் முழுவதும் வேறு வேறு மக்கள். பனியில் வாழ்பவர்கள், மணலில் நடப்பவர்கள், தண்ணீர்மேல் கம்பு நட்டு வீடு கட்டியவர்கள். எப்படிச் சமைக்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், பிள்ளையை எப்படித் தூக்குகிறார்கள் என்பதையெல்லாம் காட்டுவார்கள். அதற்குக் காது வேண்டாம், கண் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கட்டிலின் கால்மாட்டில், அண்ணனுடைய பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்தையே குறட்டைச் சத்தத்தோடு பார்த்தாள்.

அவளை எங்கள் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டது நான். இரண்டு ஹோட்டல்களுக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கும் துணி துவைத்துக் கொடுக்கிற பெரிய கூடம். கீழே துவைக்கும் எந்திரங்களும் உலர்த்தும் எந்திரங்களும் உறுமிக்கொண்டிருக்கும், மேலே நாங்கள் மடிப்போம். மத்தியானம் தொடங்கி இருட்டும் வரை எங்கள் ஷிப்ட். மேசைக்கு நான்கு பேர். பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, ஓர் உதறு உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து ஒருத்தி மூலையை இன்னொருத்தி கையில் கொடுக்க வேண்டும். துணி தரையில் பட்டதோ, மறுபடி துவைக்கத்தான் போக வேண்டும். உட்கார்ந்து மடித்தால் துணி தரையில் இழுபடும், அதனால் மடிக்கும் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது சட்டம். சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள்.

தலையணை உறை, கைத்துண்டு மாதிரி சில்லறைத் துணிகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவோம். ஷிப்ட் முடியும் நேரத்தில் கால் கடுக்க நின்றுகொண்டு, அள்ளித் திணித்து அனுப்புவோம். கோணல் மாணலாகப் போகும். ஹோட்டல்காரன் திட்டுவான், சூப்பர்வைசர் அதை வட்டியோடு எங்களுக்குத் தருவார். அவர் பேசும்போது முன்பல் சந்தில் காற்று வரும். அதனால் அவருக்கு விசில் என்று பேர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் விசில்.

எங்கள் மேசையில் அண்ணியும் நானும் ஒரு ஜோடி. எதிர் ஜோடியில் ஒரு கண்ணாடிக்காரிப் பெண்ணும், பீரங்கி அக்காவும். பீரங்கி என்பது நாங்கள் வைத்த பேர்தான். அவள் வாயைத் திறந்தால் கீழே எந்திரம் ஓட்டுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். எங்கள் எல்லோருக்கும் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை, வாடகை அறையில் ஒண்டியாள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

அண்ணி வேலைக்குச் சேர்ந்து பல நாள் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் முதல் வண்டித் துணி மேலே வரத் தாமதமாயிற்று. எல்லோரும் சும்மா நின்றோம். பீரங்கி அக்கா, உனக்கு வாயில் நாக்கு இருக்கிறதா இல்லையா, காட்டு பார்க்கலாம் என்று அண்ணியைச் சீண்டினாள். அண்ணி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, இன்றைக்கு டிவியில் பனிமேல் நாய்கள் வண்டி இழுத்ததைப் பார்த்தேன் என்று தொடங்கினாள். நாலைந்து வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், வண்டித் துணி வந்த பிறகும் நிறுத்தவில்லை. முன்னால் ஓடுகிற கிழட்டு நாய் திரும்பி ஒரு பார்வை பார்க்குமாம், பின்னால் இருக்கிற இளசெல்லாம் வாலைச் சுருட்டிக்கொள்ளுமாம். அதற்கு அந்த ஊரில் மாமியார் நாய் என்று பேராம். அந்தப் பார்வையைச் செய்து வேறு காட்டினாள். அப்படியே என் அம்மா! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் ஒரு கதை. பக்கத்து மேசைக்காரிகளும் காதை இந்தப் பக்கம் நீட்டினார்கள். தண்ணீர்மேல் வீடு கட்டியவர்கள் சண்டையே போடுவதில்லையாம், கோபித்துக்கொண்டு வெளியே போக இடம் இல்லையே. மணலில் ஒட்டகம் ஓட்டுகிறவர்கள் வழியில் யாரைப் பார்த்தாலும் முதலில் அவர் ஒட்டகத்தின் நலத்தைத்தான் விசாரிப்பார்களாம், ஆளின் நலம் அப்புறம்தானாம். அந்த டிவிக்குச் சத்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தெரிந்தும் ஒரு நாளாவது, அவர்கள் என்ன பேசினார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. கதை அவ்வளவு ருசி.

நம்பாதவள் பீரங்கி அக்கா ஒருத்திதான். ஒவ்வொரு கதை முடிந்ததும், போதும்டி, காதுல பூ சுத்தாத என்பாள். கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் சொல்வாள் என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் அவள் முழங்கால் கெட்டுப்போனது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். படியேறும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். கண்ணாடிக்காரிப் பெண் ஒரு நாள், அக்கா, நீங்க இருங்க, நான் நடந்து வர்றேன் என்று சொல்லிவிட்டாள். பாவம், அன்று முழுவதும் அவளுக்கு வசவு. நானென்ன நொண்டியா, பரிதாபப்பட வந்துட்டாளாம் என்று கூடமே அதிர்ந்தது. ஆனால் கத்தினால் முழங்கால் கேட்குமா? ஒரு நாள் நடந்து வரும்போது கால் மடங்கி, ஆஸ்பத்திரி விரிப்பு முழுசாகத் தரையில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. விசில் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, சட்டத்தைக் கண்டு பயப்படுகிறவர். மாசக் கடைசியில் முதலாளியம்மா வருவார், அதற்குள் ஒழுங்காக நிற்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் கணக்கு முடித்துவிடுவார் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். பீரங்கி அக்கா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது நானும் அண்ணியும் அதையேதான் பேசிக்கொண்டு போனோம். உட்கார விட்டால் அவள் கை நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் யார் உட்கார விடுவார்கள்? விட்டாலும் அவள்தான் உட்காருவாளா? பரிதாபம் என்று வாடை அடித்தாலே பாய்வாளே.

இரண்டு நாள் கழித்து அண்ணி வந்து மேசைக்கு முன்னால் நின்ற விதமே வேறாக இருந்தது. அன்று ஏதோ ஒரு தீவு பார்த்தாளாம். கடற்கரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் வலை பழுது பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் தனியாக, கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் சிவப்புத் துணி. மற்றவர்கள் எழுந்து எழுந்து அவளிடம் வருகிறார்கள், வலையின் ஓர் ஓரத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவள் விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள்.

"அது யாரு தெரியுமா? களைச்சுப் போனவ," என்றாள் அண்ணி. "யாருக்கு முடியலையோ அவ சிவப்புத் துணியைத் தலையில போட்டுக்குவா. மத்தவங்க பெரிய வேலையை எடுத்துக்குவாங்க. சின்ன வேலையை அவ மடியில கொண்டுபோய் வைப்பாங்க. ஏன் உக்காந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டா பெரிய அவமானம், கேட்டவளுக்கு."

நாங்கள் வாயைப் பிளந்தோம். பீரங்கி அக்கா கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே, அப்போ அங்க சோம்பேறிங்களுக்குக் கொண்டாட்டம்தான் என்றாள். அண்ணி அதற்கும் பதில் வைத்திருந்தாள். அந்தத் தொட்டி ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாதாம். யாராவது ஒருத்தி உட்கார்ந்தே ஆக வேண்டுமாம். காலியாக விட்டால் அன்றைக்குக் கடல் மீன் தராதாம். ஆகவே களைத்தவள், களைக்காதவள் எல்லோரும் முறை வைத்து உட்கார வேண்டும். யாரும் எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் எங்கள் மேசைக்கடியில் ஒரு காலி சோப்புத்தூள் டிரம் கிடந்தது. கறை போகாமல் ஹோட்டல் தள்ளிவிட்ட சிவப்புக் கைத்துண்டு ஒன்று மூலையில் துடைக்கக் கிடந்தது. அண்ணி டிரம்மைக் கவிழ்த்தாள், துண்டை உதறித் தன் தலையில் போட்டுக்கொண்டாள், உட்கார்ந்தாள். நான் அசந்து நின்றேன். என் வாயில்லாப் பூச்சி அண்ணி, சுவரில் ஒட்டிய சட்டத்துக்கு நேர் கீழே, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்! எனக்கு முன்னால் கண்ணாடிக்காரி சுதாரித்துக்கொண்டாள். தலையணை உறைக் குவியலை அள்ளி அண்ணி மடியில் வைத்தாள். நான் எதுவும் கேட்காமல் அந்தப் பெண்ணோடு ஜோடி சேர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி எழுந்து எனக்குத் துண்டைக் கொடுத்தாள். அப்புறம் கண்ணாடிக்காரி. அப்புறம் துண்டு பீரங்கி அக்காவிடம் போனது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருத்தியாக முறைத்தாள். யார் முகத்திலாவது பரிதாபம் தெரிந்திருந்தால் அதை எங்கள் மூஞ்சியிலேயே எறிந்திருப்பாள். நாங்கள் விரிப்பை உதறிக்கொண்டிருந்தோம். காலியா கெடந்தா மீன் வராதுக்கா என்று அண்ணி சாதாரணமாகச் சொன்னாள்.

"இங்க எவடி மீன் பிடிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே பீரங்கி அக்கா உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவள் முறை முடிந்தபோது துண்டு எங்கள் யார் கைக்கும் சீக்கிரம் வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பவளுக்குத்தானே அவமானம்!

விசில் வந்தார், குதித்தார். சட்டத்தைக் காட்டினார், டிரம்மைக் காலால் தள்ளினார். அவர் நகர்ந்ததும் டிரம் மறுபடி கவிழ்ந்தது. மறுநாள் பக்கத்து மேசையிலும் ஒரு டிரம். அடுத்த நாள் அதற்கடுத்த மேசையிலும். எங்கே போனாலும் ஒரு சிவப்புத் தலை. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. சில்லறைத் துணிகள் கடைசிவரை காத்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தவள் கையில் அவை முதலிலிருந்தே மடிந்துகொண்டே வந்தன. உட்கார்ந்து மடித்தால் மூலைக்கு மூலை ஒட்டிக்கொள்கிறது, அவசரம் இல்லை, கோணல் இல்லை. ஷிப்ட் முடியும்போது வண்டி காலி. விசிலுக்குத் திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் முதலாளியம்மா வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மாசக் கடைசி வந்தது. முதலாளியம்மா படியேறி மேலே வந்தார். கனத்த உடம்பு, மூச்சு இரைத்தது. கூடம் முழுவதும் சிவப்புத் தலைகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் மேசையில் அந்த நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் யார் தெரியுமா? பீரங்கி அக்காவேதான். எழுந்திருங்கள் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

விசில் முகத்தில் அன்று ஒரு தனி வெளிச்சம். முதலாளியம்மாவுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஏதோ தீவு வழக்கம்னு சொல்லிக்கிட்டு இவங்க எல்லாரும் உக்கார்றாங்க. நேத்து லீவுல அந்தப் படத்தை மறுபடியும் போட்டாங்க. நானும் பார்த்தேன். சத்தத்தோட பார்த்தேன்." கடைசி வார்த்தைகளை அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "அந்தச் சிவப்புத் துணிக்காரி களைச்சவ இல்ல. வலை சரியா இருக்கான்னு தடவிப் பார்த்து வாங்குறவ. அவதான் அங்க சூப்பர்வைசர்!"

கீழே உலர்த்தும் எந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும்தான். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று எனக்கு அழுகை முட்டியது. எனக்குக் கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, அந்தத் தீவுக்காரிமேல்தான் என்று நினைக்கிறேன். தலையில் துணி போடாமல் இருந்திருக்கக் கூடாதா?

அப்போது பீரங்கி வெடித்தது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் டிரம் குலுங்கியது, அப்புறம் கூடமே குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பு. துண்டு நழுவி அவள் கண்ணை மறைத்தது. அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"அப்போ இத்தனை நாளா நான் சூப்பர்வைசர் நாற்காலியிலயா உக்காந்திருந்தேன்?"

அவ்வளவுதான். மேசைக்கு மேசை சிரிப்பு பற்றிக்கொண்டது. கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விசிலுக்கே வாயோரம் துடித்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பீரங்கி அக்கா அவரைப் பார்த்துக் குரலை இறக்கினாள். அவளுக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

"அம்மா, இவ சொன்ன ஒரு கதையையும் நான் நம்பினதில்ல. இதையும் நம்பல. கதை பொய்யாவே இருக்கட்டும். இந்த டிரம் நிஜம். என் முட்டி நிஜம். இந்த மடிப்பும் நிஜம், எடுத்துப் பாருங்க."

முதலாளியம்மா எடுத்துப் பார்க்கவில்லை. அண்ணி பக்கம் திரும்பினார். இல்லாத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி எல்லோரையும் ஏமாற்றினாயா என்று நேராகவே கேட்டார். நான் குறுக்கே பாய வாயெடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க வீட்டு டிவிக்குச் சத்தம் வைக்க முடியாதும்மா, அவர் தூங்குவார். நான் கண்ணால பார்த்தேன். ஒருத்தி உக்காந்திருக்கா, மத்தவங்க அவ மடியில வேலையைக் கொண்டுவந்து வைக்கிறாங்க. முடியாதவளைத்தான் அப்படிப் பார்த்துக்கிறாங்கன்னு நெனச்சேன். வேற எதுக்கு அப்படிச் செய்வாங்க? அங்க அந்த வழக்கம் இல்லைன்னா," அண்ணி நிமிர்ந்தாள், "அது அவங்களுக்குத்தான் நஷ்டம். இங்க இருக்கு."

இதைச் சொன்னது யார்? என் அம்மா ஊமை என்று சொன்னவள்! இவள் என் அண்ணி என்று அந்தக் கூடத்தின் நடுவில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

முதலாளியம்மா ஏதோ சொல்ல வந்தார், மூச்சு இரைத்தது, மேசையைப் பிடித்துக்கொண்டார். பீரங்கி அக்கா மேசையில் கையூன்றி எழுந்தாள். உக்காருங்கம்மா, படி ஏறி வந்திருக்கீங்க என்றாள். கூடத்தில் உட்கார வேறு இடம் ஏது? முதலாளியம்மா டிரம்மில் உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பழக்க தோஷம். டிரம்மில் ஓர் ஆள் உட்கார்ந்தால் மடியில் தலையணை உறை வைப்பது என்று கை பழகிவிட்டது. உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்பதற்கு முன்னால் நான் ஒரு குவியலை எடுத்து முதலாளியம்மா மடியில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. விசில் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளியம்மா குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மெதுவாக மேலே இருந்த உறையை எடுத்தார். இரண்டாக மடித்தார், மூன்றாக மடித்தார், தட்டினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோது பீரங்கி அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அப்படியில்ல. ஓரம் உள்ள போகணும்."

முதலாளியம்மா ஓரத்தை உள்ளே தள்ளி மடித்தார். சரியாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, ஹோட்டலிலிருந்து இந்த மாசம் புகார் வந்ததா என்று விசிலைக் கேட்டார். விசில் பொய் சொல்லத் தெரியாதவர். முதல் பாதியில் வந்தது, இவர்கள் உட்கார ஆரம்பித்த பிறகு வரவில்லை என்றார். முதலாளியம்மா எழுந்தார், இடுப்பில் கை வைத்து முகத்தைச் சுளித்தார்.

"இந்த டிரம்ல உக்காந்தா இடுப்பு போயிடும். முதுகு சாயுற மாதிரி நாற்காலி வாங்கிப் போடுங்க."

விசிலுக்குப் புரியவில்லை. யாருக்கும்மா என்று கேட்டார்.

முதலாளியம்மா வாசல் வரை போய்த் திரும்பினார். "யாருக்கு, எதுக்குன்னு கேக்கக் கூடாதாமே? எல்லா மேசைக்கும்."

நாங்கள் போட்ட கூச்சலில் கீழே எந்திரக்காரன் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று படியேறி ஓடி வந்தான். கண்ணாடிக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள், நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். பீரங்கி அக்கா யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சிவப்புத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சோப்புத்தூள் கண்ணில் பட்டுவிட்டது என்றாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை விசில் தன் கையாலேயே கிழித்தார். அதில் பாதி வரவில்லை, "கூடாது" என்ற வார்த்தை மட்டும் இன்றைக்கும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கதை அண்ணன் காதுக்கு எட்டியபோது அவனுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வருத்தம். தன் தூக்கத்தால் இவள் இத்தனை நாள் ஒன்றும் கேட்காமல் பார்த்தாளே என்று உருகிவிட்டான். இனிமேல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவதாகவும் அவள் சத்தம் வைத்தே பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். அண்ணியும் ஒரு நாள் சத்தத்தோடு பார்த்தாள். நானும் கூட இருந்தேன். மலைமேல் ஆடு மேய்க்கிற ஒரு குடும்பம். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் நிறுத்தாமல் விளக்கிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணி அந்தத் தேய்ந்த பொத்தானை அழுத்தினாள்.

"இவன் ரொம்பக் குறுக்க பேசுறான்," என்றாள்.

அப்போதுதான் ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தது, சரி. தொட்டி காலியாக இருந்தால் மீன் வராது என்பதை எந்தக் கண்ணால் பார்த்தாய்? அண்ணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது மட்டும் நானே வச்சது, இல்லைன்னா அக்கா உக்காருவாங்களா என்றாள். இப்போது சொல்லுங்கள், இவளைப் புகழாமல் நான் வேறு யாரைப் புகழ்வேன்? என் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அம்மாவோ, அந்த மாமியார் நாய்க் கதையை எனக்கு ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

நாற்காலிகள் வந்து இறங்கிய அன்று மேசைக்கு மேசை ஒன்று வைத்தோம். பச்சை நிறம், முதுகு சாயலாம், கால் நீட்டலாம். எங்கள் மேசை நாற்காலியில் முதலில் யார் உட்காருவது என்று பேச்சே எழவில்லை. பீரங்கி அக்கா கையைப் பிடியில் வைத்து, பின்னால் சாய்ந்து பார்த்து, நிமிர்ந்து, சிவப்புத் துண்டைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள். காலை ஷிப்ட் மிச்சம் வைத்துப் போயிருந்த உறைக் குவியலை நான் அவள் மடியில் வைத்தேன். முதல் வண்டித் துணி இன்னும் மேலே வரவில்லை. நாங்கள் சும்மா நின்றோம். அவள் முதல் உறையை எடுத்து ஓரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே, கூடத்துக்கே கேட்கும்படி அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னைக்கு என்னடி பார்த்த? சொல்லு. பொய்யா இருந்தா, நல்ல பொய்யாச் சொல்லு."